தவிலடியை அளக்கும் மென்பொருள்

ஆதி தாளத்தின் ஓர் அட்சரம் ஒரு செக்கன் நீளும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் தவில்காரர் எட்டுச் சொல் வாசித்தால் சொல்லுக்குச் சொல் 125 மில்லிசெக்கன். மிஸ்ர நடைக்கு மாறி ஏழு வாசித்தால் 143. வித்தியாசம் 18 மில்லிசெக்கன்தான். அரியாலை சித்திவிநாயகர் கோயில் வீதியில் மேளச்சமா கேட்டு நிற்கும் பழகிய ரசிகருக்கு நடை மாறியது உடனே பிடிபட்டுவிடும். கணினிக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

லயத்தை ஆராயும் மென்பொருள்கள் முதலில் தேடுவது ஒவ்வொரு அடியும் தொடங்கும் புள்ளியை. ஒலியின் வலு திடீரென ஏறும் இடம் அது. இலவசமாகக் கிடைக்கும் ‘லிப்ரோசா’, நாம் எதையும் மாற்றாவிட்டால், பதிவைச் செக்கனுக்கு 22,050 மாதிரிகளாக எடுத்து, 512 மாதிரிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். அதாவது ஏறத்தாழ 23 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. நாம் தேடும் 18 அதற்குள்ளேயே அமுங்கிப்போகிறது. 512ஐ 64 ஆக்கினால் 3 மில்லிசெக்கன் வரை நெருங்கலாம். தவிலை அடி அடியாக ஆராய்பவர் இந்த எண்ணை மாற்றியே ஆகவேண்டும்.

அடிகள் கிடைத்தாலும் சமம், அதாவது தாளச் சுற்றின் தொடக்கம், எது என்று தெரியாது. நாலு நாலாக எண்ணப் பழகிய மென்பொருள் மிஸ்ர சாப்பில் தடுமாறும். பார்சலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ திட்டம் இந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தது. சென்னை ஐஐடியும் அதில் சேர்ந்தது. ஆதி, ரூபகம், மிஸ்ர சாப்பு, கண்ட சாப்பு ஆகியவற்றின் ஆவர்த்தனத்தை நிகழ்தகவுக் கணக்கால் பின்தொடரும் முறைகளை அஜய் ஸ்ரீனிவாசமூர்த்தி அங்கே உருவாக்கினார். அருமையான வேலை. ஆனால் அதற்கு அடிப்படை கச்சேரி மேடையின் மிருதங்கம்.

தவிலின் குணமே வேறு. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் கழி. அடி கூர்மையாக விழுவதால் தொடக்கப்புள்ளி தெளிவாகத் தெரியும். கெடுப்பது நம் பதிவுமுறை: மேளத்துக்கு மிக அருகில் பிடித்த கைத்தொலைபேசி அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது, எம்பி3 சுருக்கம் அடிக்கு முன்னரே ஒலியைக் கசியவிடுகிறது. சற்றுத் தள்ளி நின்று, சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவதே நல்லது.

1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பு பழைய பதிவுகளில் இருக்கிறது. அவற்றை ஒலிக்கவிடும்போது நாடா மெல்ல ஓடினால் சுருதி இறங்கும், காலம் நீளும். ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. ஆகவே மில்லிசெக்கனை விட்டு விகிதத்தை அளந்தால் போதும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ‘சோனிக் விசுவலைசர்’ இலவசம். ஒலியை ஓடவிட்டு, விசையைத் தட்டிச் சமத்தைக் குறிக்கலாம். மனிதர் தாளத்துக்குச் சற்று முந்தியே தட்டுவார்கள் என்பதால் அலைவடிவத்தைப் பார்த்துத் திருத்தவேண்டும். தாளம் அறிந்த காது இதற்குக் கட்டாயம் தேவை. மருதனார்மடத்தில் இசை பயிலும் மாணவர்களிடம் அது இருக்கிறது. ஒரு மல்லாரியிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.