அலைக்கு அந்தப் பக்கம் – 11: சுறாவின் வாயைக் கட்டியவர்

ஹேவ்லாக் தீவின் எலிபெண்ட் பீச்சில், இடுப்பளவுத் தண்ணீரில், முகமூடியை மாட்டிக்கொண்டு நின்றதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது போதும்.

இந்த வாரம் சுறாவின் மூக்கைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதன் மூக்கைச் சுற்றிப் பொடிப்பொடியாக இருக்கும் துளைகள் தண்ணீரில் ஓடும் மிக மெல்லிய மின்சாரத்தையும் உணரும். அதற்கான குறிப்புகள் மேசையில் தயாராக இருக்கின்றன. ஆனால் ராத்திரி ஜேம்ஸ் எமர்சன் டென்னென்டின் ‘சிலோன்’ புத்தகத்தில் ஒரு பத்தியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. காலையில் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். அதனால் மூக்கு காத்திருக்கட்டும்.

அந்தப் பத்திக்குப் போகும் முன் ஒன்று. இந்தத் தொடர் வரத் தொடங்கியதிலிருந்து எங்கள் தறி ஊரான சோமனூரில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. பொங்கலுக்குத் தறி நின்றால் ஊர் கிளம்பிவிடுகிறது. முன்பு பழனியும் ஊட்டியும் போனவர்கள் இப்போது அந்தமானுக்கு டிக்கெட் போடுகிறார்கள். எங்கள் வீதியில் தறிக்கு நூல் சுற்றித் தார் போடும் அக்கா ஒருவர் மகன் வீட்டாரோடு போகப் போகிறார். என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

“ஏங்கண்ணு, தண்ணிக்குள்ள மூஞ்சிய வெச்சுப் பாக்கச் சொல்றாங்களாமா. சுறா கிறா வந்து காலப் புடிச்சிருச்சுன்னா என்ன பண்றது?”

“அதெல்லாம் வராதுங்க்கா.”

“நாங்கூட கெணத்துல மேட்டுல இருந்து குதிச்சவதான். கெணத்துல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். கடல்ல என்ன இருக்குதுன்னு ஆருக்குத் தெரியும்?”

என்னிடம் கணக்கு இருந்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா இயற்கை அருங்காட்சியகம் உலகெங்கும் நடக்கும் சுறாக்கடிகளைப் பதிவு செய்து வருகிறது. யாரும் சீண்டாமல் சுறா தானாக வந்து கடித்தவை 2023இல் 69. அவற்றில் இறந்தவர்கள் 10 பேர். 2024இல் கடி 47, இறப்பு 4. உலகத்துக் கடல் முழுவதற்கும், அத்தனை கோடிப் பேர் கடலில் இறங்கியதற்கும் சேர்த்து இவ்வளவுதான். ஐந்நூறு வகைக்கு மேல் சுறா உண்டு. மனிதரைக் கொன்றதாகப் பேசப்படுபவை விரல்விட்டு எண்ணும் அளவே. அந்தமானின் பவளப்பாறைகளில் கண்ணில் படக்கூடிய கருந்துடுப்புச் சுறாவும் வெண்துடுப்புச் சுறாவும் ஆளைக் கண்டால் விலகிப் போகும் கூச்ச சுபாவம் கொண்டவை.

நம் நாட்டுச் செய்தியையும் மறைக்கக்கூடாது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், வைதர்ணா ஆற்றில் மீன் பிடித்த ஒருவரைச் சுறா கடித்து அவர் கால் போனது. சில சுறாக்கள் உப்பங்கழி வழியாக ஆற்றுக்குள்ளும் ஏறி வரும். ஹேவ்லாக்கிலேயே 2010 ஏப்ரலில், ராதாநகர் கடற்கரையை ஒட்டிய சிறு குடாவில் முகமூடி போட்டு நீந்திய வெளிநாட்டுப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றது சுறா அல்ல, உப்புநீர் முதலை. அந்தத் தீவுகளில் கண்ணை உறுத்தும்படி மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளில் இருப்பதும் முதலைதான். அந்தப் பலகைகளைப் படிக்காமல் யாரும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

இத்தனையும் சொல்லி முடித்தும் அக்கா முகம் மாறவில்லை. கோடியில் ஒருவருக்கு என்று சொன்னால், அந்த ஒருவர் நானாக இருந்தால் என்று மனம் உடனே கேட்கிறது. கணக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. இந்த இடத்தில்தான் டென்னென்டின் பத்தி என்னைப் பிடித்துக்கொண்டது.

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கமும் எதிர்க்கரையில் இலங்கையின் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கமும் முத்துக் குளித்தல் நடந்த காலம். குளிப்பு வருகிறது என்றால் மணலில் ஓலைக் கொட்டகைகள் எழுந்து ஓர் ஊரே முளைக்கும். நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்றில் பாய் விரித்து, விடியும்போது பாரில், அதாவது சிப்பி கிடக்கும் திட்டில், நிற்பார்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பியதும் கரை சேர்வார்கள். குளியாள் காலடியில் கல்லைக் கட்டி, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு எட்டு பாகம், பத்து பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சு ஒரு நிமிடம், முன்னே பின்னே. அதற்குள் சிப்பியைக் கூடையில் வாரிக் கயிற்றை இழுக்கவேண்டும். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்கள் மூக்குக்குக் கொம்புக் கவ்வி போடுவார்கள், நம்மவர்களுக்கு விரல்தான். நாம் இன்று வாடகைக்கு வாங்கும் முகமூடி மூக்கையும் சேர்த்து மூடிவிடுகிறது. அந்தச் சின்ன ரப்பர் வளைவைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன.

இந்தக் குளியாட்களுக்குச் சுறாப் பயம் இருந்தது. ஒருவர் மேலே வந்து நிழலைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும், அன்றைக்குப் பக்கத்துப் படகுகளும் தயங்கும். அதற்காகவே கரையில் ஒருவர் இருந்தார். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். நம் பக்கத்தில் பாம்புக்கும் நாய்க்கும் கட்டுப்போட ஆள் உண்டு, அவருக்குக் கடலே வேலையிடம். குறிப்பிட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தால்தான் அந்த உரிமை. அவர் சரி என்று சொல்லும்வரை ஒரு குளியாளும் கல்லில் கால் வைக்கமாட்டார். ராபர்ட் பெர்சிவல் 1803இல் எழுதிய இலங்கை நூலில் இவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். படகுகள் திரும்பும்வரை கரையில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கவேண்டும், சோறு தண்ணீர் தொடக்கூடாது, தொட்டால் மந்திரம் பலிக்காது. சிலர் இடையில் கள் குடித்துக்கொண்டதையும் அவர் விடவில்லை. வெயிலில் நாள் முழுக்க நின்றவரிடம் எனக்கு அதில் குறை காணத் தோன்றவில்லை.

இவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? அரசு. பிரிட்டிஷ் அரசு. 1885 வரை வெள்ளைக்கார அரசாங்கம் சுறா கட்டுபவருக்குக் கூலி கொடுத்து வந்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அவருக்கும் ஒரு வரி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது டென்னென்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். 1859இல் வெளிவந்த புத்தகத்தில் சொல்கிறார்: அந்தக் குடும்பத்தின் அப்போதைய தலைவர் ரோமன் கத்தோலிக்கர். மந்திரத்தின் வலிமைக்கும் ஓதுபவரின் மதத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. டென்னென்ட் போன நேரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லை. தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் டென்னென்டிடம் திறந்தே சொன்னாராம்: மந்திர ரகசியம் எனக்குத் தெரியாது, ஆனால் பெரியவரின் சார்பில் நான் வந்து நிற்கிறேன் அல்லவா, அதைச் சுறாக்கள் மதிக்கும்.

கோயம்புத்தூர் மில்களில் நிரந்தர ஆள் வராத ஷிப்டுக்குப் பதிலித் தொழிலாளியை நிறுத்துவார்களே, அப்படிக் கடல்கட்டிக்கும் ஒரு பதிலி. அவரை அன்று குளியாட்கள் ஏற்றுக்கொண்டு இறங்கினார்கள் என்றே கொள்கிறேன். மந்திரம் தெரியாதவர் என்பது அவர் வாயாலேயே வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் கரையில் ஓர் ஆள் நிற்கவேண்டும். பயத்தை நம்மிடமிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொள்ள ஓர் ஆள். அவர் இருந்தால் இறங்கலாம், இல்லாவிட்டால் முடியாது. இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூச்சை அடக்கி, இருட்டில், கண்ணை அரைகுறையாகத் திறந்துகொண்டு, நாளெல்லாம் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் பயம் அது. அவர்கள் உயிரை வைத்துத்தான் அரசுக்கு முத்து வந்தது. பிற்காலத்தில் அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மீதி ஒரு பங்கே இறங்கியவர்களுக்கு. அந்தப் பயத்துக்கு அரசு காசு கொடுத்தது பெருந்தன்மையால் அல்ல, கொடுக்காவிட்டால் படகு நகராது என்பதால்.

1885க்குப் பிறகு அரசு சம்பளத்தை நிறுத்தியது. குளியாட்கள் நிறுத்தவில்லை. தங்கள் சிப்பியிலிருந்து அவருக்கு ஒரு சிறு பங்கு எடுத்துவைத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த வாரம் படித்தவற்றில் என்னைக் கலங்கவைத்த செய்தி இது.

சுறாவால் இறந்தவர்கள் அங்கே எத்தனை பேர்? அத்தனை படகும் அத்தனை ஆளும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலே சுறாவை விரட்டிவிடும், விபத்து அபூர்வம் என்றுதான் அந்தக் கால வெள்ளைக்காரர்கள் விளக்கினார்கள். ஆக கடல்கட்டியின் வேலை எப்போதும் பலித்துக்கொண்டே இருந்தது.

அவருக்கு வயதும் அதிகம். 1290களில் நம் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இதைப் பதிவு செய்கிறார். அள்ளிய முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு. அடுத்து அவர் சொல்வதைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரியில் மீன்கள் தம் இஷ்டப்படி திரியலாம். ராத்திரியில் பாருக்குள் ஆள் இறங்கினால் காக்க மந்திரம் கிடையாது. பகலில் குளியாளுக்குக் காவல், இரவில் திருடனுக்கு எதிராக முத்துப்பாருக்குக் காவல். இரண்டுக்கும் ஒரே சுறா. இருபதில் ஒரு பங்கு கொடுத்தது எவ்வளவு நியாயம்!

இதே காட்சி பாரிசில் மேடை ஏறியிருக்கிறது. 1863 செப்டம்பர் 30, ஜார்ஜ் பிஸே என்ற இருபத்துநான்கு வயது இளைஞரின் ‘முத்துக் குளிப்பவர்கள்’ என்ற இசை நாடகம். கதை நடப்பது இலங்கைக் கரையில். அதில் முகத்திரை போட்ட ஒரு பெண் பூசாரி பாறைமேல் நின்று இரவெல்லாம் பாடுகிறாள், குளிப்பவர்களுக்குக் கடலில் கேடு வராமல் இருக்க. கள்ளுக் கலயத்தோடு வெயிலில் நின்ற நம் கடல்கட்டிக்கும் அவளுக்கும் வேலை ஒன்றேதான். அவளுக்கு நல்ல பாட்டுகள் கிடைத்தன. இன்றும் உலகெங்கும் அந்த நாடகத்தைப் போடுகிறார்கள். கடல்கட்டியின் பெயர்கூடத் தூத்துக்குடிக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

நெய்தல் நில மக்களுக்கும் சுறாவுக்கும் உள்ள உறவை நினைத்தால் இன்னும் பின்னால் போகலாம். பரதவர் கருவுற்ற சுறாவின் கொம்பை மணலில் ஊன்றித் தெய்வமாகக் கும்பிட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. உணவும் அதுதான், தெய்வமும் அதுதான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறாப் புட்டு கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சுறாக்கடிக்கு அஞ்சும் நம் நாடுதான் உலகில் அதிகமாகச் சுறா பிடிக்கும் நாடுகளில் ஒன்று. திமிங்கிலச் சுறாவை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றினோம். இதைத் தனியாக ஒரு வாரம் எழுதவேண்டும்.

கடல்கட்டியின் கதையை அக்காவிடம் அப்படியே சொன்னேன். பதிலி வந்த இடத்தில் தார் போடும் கை நின்றது. “அப்ப அந்தமான்ல அந்த மாதிரி ஆரு நிப்பாங்க?” என்று கேட்டார்.

நிற்கிறார்கள். எலிபெண்ட் பீச்சில் ரப்பர் வளையத்தைப் பிடித்து நம்மை இழுத்துக்கொண்டு போகும் வழிகாட்டிப் பையன் செய்வது அந்த வேலைதான். வளையத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று மீனைக் காட்டிக்கொண்டே போகிறான். சுறா வராது என்று அவன் சொல்வதை நாம் நம்புவது அவனுக்குக் கடலியல் தெரியும் என்பதால் அல்ல, அவன் கால்களும் அதே தண்ணீரில் இருப்பதால். ஆகவே அக்காவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அவசரப்படுத்தும் ஆளோடு இறங்காதீர்கள். மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டச்சொல்லுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கரையிலேயே கேட்டுவிடுங்கள். கிணற்று நீச்சல் நல்ல நீச்சல்தான், ஆனால் கிணற்றில் நீரோட்டம் கிடையாது. கடலுக்குள் முகம் வைத்துப் பார்க்கப் போனவர்களுக்கு ஆபத்து சுறாவால் வருவதைவிட மூச்சுத் திணறலாலும் நீரோட்டத்தாலும் வருவதே மிக அதிகம். குழாய்க்குள் தண்ணீர் ஏறினால் பதறாமல் ஊதித் தள்ளுவதைக் கரையோரத்தில், கால் ஊன்றும் ஆழத்தில் பழகிக்கொண்டு போங்கள்.

மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்துக் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் முடிந்தது. சிப்பி குறைந்துவிட்டது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இப்போது யாரைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள் என்பதைக் கேட்டு எழுத ஆசை. அடுத்த வாரம் தூத்துக்குடி. சுறாவின் மூக்கு அதற்கடுத்த வாரம்.

(தொடரும்)