‘முர்தத்’: போகாதவர் மேல் விழுந்த சொல்

இஸ்லாத்தை ஏற்றிருந்து பின்பு கைவிட்டவரைக் குறிக்க அரபியிலிருந்து வந்த சொல் ‘முர்தத்’. திரும்பிப் போனவர் என்பது நேர்ப்பொருள். அப்படிப் போனவரின் நிக்காஹ் முறியும், வாரிசுரிமை போகும், ஜனாஸாத் தொழுகை கிடையாது, மையவாடியில் இடமில்லை என்கின்றன பழைய மார்க்கச் சட்ட நூல்கள். மரண தண்டனையும் அவற்றில் உண்டு. இந்தச் சொல்லை ஒருவர்மேல் வைப்பதே தீர்ப்பு எழுதுவதாகிவிடுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் காத்தான்குடியில் இச்சொல் விழுந்தது, மார்க்கத்தை விட்டுப் போகாதவர்கள்மேல். 1979இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, அப்துர் ரஊப் மௌலவியையும் அவர் கொள்கையை ஏற்றவர்களையும் முர்தத் என்று ஃபத்வா வெளியிட்டது. அவர் கலிமாவை மறுத்தவரல்லர்; பள்ளிவாசலில் மக்களுக்குப் போதித்தவர். ‘எல்லாம் அவனே’ என்னும் வஹ்ததுல் வுஜூத் என்ற சூஃபிக் கொள்கையை வெளிப்படையாகப் பேசினார். இப்னு அரபியின் பெயரோடு சேர்ந்த அந்தச் சிந்தனையின் சாயல் தக்கலை பீர்முஹம்மது அப்பா பாடல்களிலும் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களிலும் இருக்கிறது. நம் பெரியவர்கள் அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களையெல்லாம் என்னவென்று அழைப்பது?

பயில்வான் என்று ஊரறிந்த எம்.எஸ்.எம். அப்துல்லாஹ்வின் கதை இன்னும் கொடியது. தரீக்கத்துல் முப்லிஹீன் அமைப்பின் தலைவரான அவர்மீதும் இதே முத்திரை விழுந்தது. 2004இல் அவரைச் சார்ந்தவர்களின் வீடுகளும் உடைமைகளும் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் அவர் மௌத்தாகி, காத்தான்குடியிலேயே அடக்கப்பட்டார். ஊர் மீண்டும் கொந்தளித்தது. அவரது தரீக்காவின் மினாரா இடிக்கப்பட்டது. அடக்கிய உடலும் வெளியே எடுக்கப்பட்டது. இறந்தவரையும் விடாத அளவுக்கு ஒரு சொல்லுக்கு வலிமை கொடுத்தது யார்? அடித்தவர்கள் மட்டுமல்ல, பேசாமல் பார்த்திருந்த நாமும்தான்.

2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் ரஊப் மௌலவியின் ஆதரவாளர்களோடு மோதியது, அதே ஊரின் தீவிரவாதப் போதகர் சஹ்ரானின் கூட்டம். வாள்வெட்டு நடந்தது, சஹ்ரான் தலைமறைவானார். 2019 ஏப்ரல் 21இல் இலங்கையின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அவரது குழுவின் குண்டுகள் வெடித்தபோது அந்தப் பெயரை உலகமே கேட்டது. சொந்த ஊரின் சூஃபிகள் அதை முன்பே அறிந்திருந்தார்கள்.

மார்க்கத்தை உண்மையிலேயே விட்டவர்களும் நம்மிடையே இருப்பார்கள். தம்மை ‘முன்னாள் முஸ்லிம்’ என்று ஒருவர் தாமாகச் சொன்னால் அது அவரது உரிமை. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பும் மதத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. ‘நான் முஸ்லிம்’ என்று சொல்பவரை இல்லையென்று தள்ள நமக்கு அதிகாரமில்லை. உலமாக்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கேட்பது இதுதான்: எவருக்கும் மையவாடியில் ஆறடி நிலத்தை மறுக்க இந்தச் சொல்லை இனி எடுக்காதீர்கள்.