நம்பத்தக்க சால்டரிங் அயர்ன்

காரியாபட்டி வட்டத்து மல்லாங்கிணறு போன்ற கரிசல் மண் ஊர்களில், பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் போர்டு முதல் கோயில் கொடைக்குக் கட்டிய சீரியல் விளக்கு வரையில், பழுதுபட்ட பொருள் ஒவ்வொன்றும் போய்ச் சேரும் இடம் ஒரு மெக்கானிக்கின் மேஜையே ஆகும். அம்மேஜையின்மீது மீட்டருக்கு அடுத்தபடியாகப் பிரதானமான சாதனம் சால்டரிங் அயர்ன். அதை வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் "எத்தனை வாட்?" என்பதுதான். கேள்வி அவசியமானதே, எனினும், ஈயம் வைக்கும் அந்தச் சில விநாடிகளில் நுனியின் உஷ்ணம் குலையாமல் நிற்குமா என்பதை விசாரிக்காமல் வாங்குவது தவறு என்பதே என் திடமான அபிப்பிராயம்.

நூற்றுக்கு 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த ஈயக்கம்பி 183 டிகிரி செல்ஷியஸில் உருகத் தொடங்கி, 190 டிகிரியை ஒட்டி முழுதும் நீராகிவிடும். ஆனால் அயர்னின் நுனி 320 முதல் 370 டிகிரி வரை இருக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஈயத்தை மட்டுமல்ல, இணைக்கப்படும் கம்பியையும் போர்டின் செம்புப் பட்டையையும் சேர்த்தே சூடாக்கியாக வேண்டும். நுனியைத் தொட்ட கணத்தில் அவ்விரண்டும் அதன் உஷ்ணத்தை உறிஞ்சுகின்றன. அந்த நஷ்டத்தை அயர்ன் உடனே ஈடுசெய்யாவிடில், ஈயம் பட்டையோடு ஒன்றாமல் மேலே திரண்டு நின்றுவிடும். மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்று சொல்லும் இந்தக் குறை அன்று கண்ணில் படாது. சில மாதங்கள் கழித்து, தட்டினால் ஓடி, விட்டால் நிற்கும் பெட்டியாக அது திரும்பி வரும்.

இதில் நம் கிராமங்களுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. சாதாரண அயர்னில் உஷ்ணத்தை அளந்து சரிசெய்யும் அமைப்பு கிடையாது; நிக்ரோம் கம்பிச்சுருளில் உண்டாகும் வெப்பமும் காற்றில் கழியும் வெப்பமும் எங்கே சமப்படுகின்றனவோ அங்கே நுனி நிற்கும். உண்டாகும் வெப்பமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 230 வோல்ட்டில் 25 வாட் தரும் கருவி, பம்புசெட்டுகளெல்லாம் ஓடி அழுத்தம் 180 வோல்ட்டுக்குத் தாழும் வேளையில், ஏறத்தாழ 15 வாட்டே தருகிறது. அந்நேரத்தில் எல்.இ.டி. பல்பைப் பிரித்து, அலுமினியத் தகட்டில் ஒட்டியிருக்கும் விளக்குச் சில்லை மாற்ற முயல்பவர், தகடு வெப்பத்தையெல்லாம் விழுங்கிக்கொள்ள, அழுத்தி அழுத்திப் பார்த்துக் கடைசியில் பட்டையையே பெயர்த்துவிடுவார்.

நுனிக்கு அருகே ஓர் உணரியை வைத்து, உஷ்ணம் தாழும்போது மின்சாரத்தைக் கூட்டியும் ஏறும்போது குறைத்தும் காக்கும் சால்டரிங் ஸ்டேஷன் இந்தச் சங்கடத்தைப் பெரிதும் தீர்க்கிறது. வாட் அதிகமென்றால் போர்டு கருகிவிடும் என்று அஞ்சுவோர் பலர். உண்மையில், கட்டுப்பாடுள்ள 60 வாட் கருவி, கட்டுப்பாடற்ற 25 வாட் கருவியைவிட நுண்ணிய போர்டுக்குப் பத்திரமானது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது அயர்னின் நுனியாக அமையும் பிட். வெறும் செம்புப் பிட்டை உருகிய வெள்ளீயம் சிறிது சிறிதாகக் கரைத்துக் குழிபறிக்கும். அதை அவ்வப்போது அரம்போட்டுச் சீராக்க வேண்டும். செம்பின்மேல் இரும்பு முலாம் பூசிய பிட் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன்மீது அரமோ உப்புத்தாளோ ஒருமுறை பட்டால் முலாம் போயிற்று, பிட்டும் போயிற்று. ஈரப் பஞ்சில் துடைத்து, அணைக்குமுன் நுனியில் சிறிது ஈயம் பூசி வைப்பதே அதற்குப் போதுமான பராமரிப்பு. மாற்றுப் பிட் தனியே கிடைக்காத அயர்ன் எவ்வளவு மலிவாயினும் வாங்கத் தகாதது.

எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக் இருப்பதும் அத்தியாவசியம். உள்ளே காப்பு பழுதானால் நுனிக்குக் கசியும் மின்சாரம் ஐ.சி.யையும் கொல்லும், கையையும் தாக்கும். பிளக்கை மின்சாரத்தில் செருகாமல், அதன் எர்த் முள்ளுக்கும் நுனிக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தால், தடை இரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும்.

கற்கத் தொடங்குபவருக்கு முலாம் பூசிய பிட்டுடன் கூடிய 25 வாட் அயர்ன் போதும். தொழிலாகக் கொள்பவர் ஸ்டேஷனே வாங்கட்டும். பட்டாசு ஆபீஸ்கள் நிறைந்த இந்த ஜில்லாவின் வாசகர்களிடம் மேலும் ஒரு வேண்டுகோள்: 350 டிகிரியில் காயும் நுனி தீப்பொறிக்குச் சற்றும் இளைத்ததன்று, ஆகையால் மருந்தோ திரியோ இருக்கும் கட்டடத்தில் எக்காரணம் கொண்டும் இக்கருவியை மின்சாரத்தில் செருகாதீர்கள்.