புகழுக்கு ஒரு கதவா ரீமிக்ஸ் போட்டிகள்?

ரீமிக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எமது வீடுகளில் பெரியவர்கள் முகஞ்சுளிப்பதுண்டு. நல்ல பழைய பாட்டொன்றை எடுத்து, அதன் மேல் மேளத்தை ஏற்றி, நடுவில் ஆங்கிலத்தில் நாலு வரி சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவர்களுடைய குறை. 1970இல் வெளிவந்த ‘சொர்க்கம்’ படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த பாடலொன்றை 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் புதுப்பித்தார். அதை ரசித்த பிள்ளைகளும் குறை சொன்ன பெற்றோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

அது புகழ்பெற்றவர்கள் செய்த வேலை. நாம் இங்கு பேசவருவது பெயர் தெரியாத இளைஞர், யுவதிகளைப் பற்றி. “எங்கள் பாட்டை எடுங்கள், பிரியுங்கள், உங்கள் விருப்பப்படி கோர்த்து அனுப்புங்கள். நல்லதைத் தெரிவுசெய்து வெளியிடுவோம்” என்று பெரிய பாடகர்களும் இசை நிறுவனங்களும் உலகெங்கும் போட்டிகளை அறிவித்து வந்துள்ளனர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நள்ளிரவு வரை கணினிக்கு முன் இருக்கும் பிள்ளைகளில் சிலர் இத்தகைய போட்டி ஒன்றுக்காகவே இருக்கிறார்கள் என்பதைப் பல தாய்மார் அறிவதில்லை.

ஒரு பாடல் எமது காதுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தாலும், ஒலிப்பதிவுக் கூடத்தில் அது துண்டு துண்டாகவே பதிவாகிறது. பாடகியின் குரல் தனியாக, கிற்றார் தனியாக, வயலின்கள் தனியாக, தாளம் தனியாக. இந்தத் தனித்தனிப் பகுதிகளை ‘ஸ்டெம்’ என்கிறார்கள். குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டுப் புதிய தாளம் போட்டால் அழுகைப் பாட்டு ஆட்டப் பாட்டாகிவிடும். வேகத்தைக் குறைத்து வீணையொன்றைச் சேர்த்தால் அதே பாட்டு தாலாட்டாகவும் மாறும். முன்பெல்லாம் இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஒடாசிட்டி’ என்ற மென்பொருள் இலவசமானது. 2004இல் ஆப்பிள் நிறுவனம் ‘கராஜ்பான்ட்’ மென்பொருளை வெளியிட்டது. அதன் பின் சாதாரண மேசைக் கணினியே ஒலிப்பதிவுக் கூடமாயிற்று.

(இக்கலையின் பிறப்பிடம் அமெரிக்காவோ இங்கிலாந்தோ அல்ல. ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் வானொலிப் பெட்டிகளும் ஒலிபெருக்கிகளும் திருத்திவந்த ஒஸ்போர்ன் ரடொக் என்பவர், ‘கிங் டபி’ என்ற பெயரில் 1970களில் பாடல்களின் குரலை நீக்கியும் எதிரொலியைக் கூட்டியும் புதுப் பாடல்களாக்கினார். திருத்துநர் ஒருவரின் மேசையில் வளர்ந்த கலை இது.)

இத்தகைய போட்டிகளில் எமது வாசகியர் மனதுக்கு மிக அருகில் உள்ள ஒன்று, 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலையோடு தொடர்புடையது. எமது கரையோரங்களில் மட்டும் முப்பதினாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன அந்த நாளுக்குப் பின், 2005 ஜனவரியில், ஐஸ்லாந்து நாட்டுப் பாடகி பியோர்க் தமது இணையத்தளத்தில் ஓர் அழைப்பு விடுத்தார். 1995இல் வெளியான ‘ஆர்மி ஒஃப் மீ’ என்ற தமது பாடலை எவரும் ரீமிக்ஸ் செய்தோ, தாமே பாடி இசைத்தோ அனுப்பலாம் என்பதே அது. அறுநூறுக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் வந்து குவிந்தன. அப்பாடலைத் தம்மோடு சேர்ந்து எழுதிய கிரஹம் மாஸியுடன் அமர்ந்து அவற்றுள் இருபதைத் தெரிந்தெடுத்தார். ஒரே பாடல் இருபது தடவை ஒலிக்கும் இறுவட்டு அது! கடுமையான ராக் இசையாக ஒன்று, கிளெஸ்மர் என்னும் யூதரின் கொண்டாட்ட இசையாக இன்னொன்று. இருபதும் அலுப்புத் தட்டாதா என்று கேட்டால், தட்டும் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் ஒரு பாட்டுக்குள் எத்தனை பாட்டுகள் ஒளிந்திருக்கின்றன என்பதைக் காட்ட அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த இறுவட்டின் இலாபம் முழுவதும் யுனிசெப் நிறுவனத்துக்குச் சென்றது. 2006 தொடக்கத்தில் சேர்ந்திருந்த தொகை ஏறத்தாழ 2,50,000 ஸ்ரேலிங் பவுண். அவ்வருடம் பெப்ரவரியில் பியோர்க் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகருக்குச் சென்று, பேரலையால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு யுனிசெப் செய்துவந்த பணிகளை நேரில் பார்த்தார். 2007இல் வெளிவந்த அவருடைய ‘வோல்டா’ இறுவட்டின் முதற்பாடல் அந்தப் பயணத்தின் பாதிப்பில் பிறந்தது.

அந்த இறுவட்டில் இடம்பிடித்தவர்கள் எல்லாரும் பிரபலமானார்களா? இல்லை. பெரும்பாலானோரின் பெயர் இசை ஆர்வலர் வட்டத்தைத் தாண்டவில்லை. தாங்கள் செய்தது பிள்ளைகளுக்கு உதவியது, இறுவட்டின் உறையில் பெயர் அச்சானது. அதுவே அவர்களுக்குக் கிடைத்தது. அது சிறிய விடயமல்ல. ஆனால் அதன் பெயர் புகழுமல்ல.

புகழ் கிடைத்தவரும் உண்டு. 2004இல் டேவிட் போவி தமது ‘ரியாலிற்றி’ இறுவட்டின் பாடலொன்றையும் பழைய பாடலொன்றையும் ஒன்றோடொன்று கலந்து அனுப்பும்படி ஒரு போட்டி வைத்தார். பரிசு ஓர் ஔடி கார். வென்றவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த, கொரிய வம்சாவளி இளைஞரான டேவிட் சோய். வயது 18. ஆனால் அவரைப் பலரும் அறிந்தது அந்தப் போட்டியால் மட்டுமல்ல. பின்னர் அவர் தாமே எழுதிய பாடல்களைக் கிற்றாருடன் பாடி யூடியூப்பில் வெளியிட்டுவந்தார். நேயர்கள் சேர்ந்தது அங்குதான். போட்டி கதவைத் திறந்தது என்றால், உள்ளே போய் நின்றது சொந்தப் பாட்டால்.

இனி, போட்டியின் மறுபக்கம். 2008 ஏப்ரலில் இங்கிலாந்தின் ‘ரேடியோஹெட்’ குழுவினர் தமது ‘நியூட்’ என்ற பாடலைக் குரல், கிற்றார், தாளம் முதலான ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி விலைக்கு இணையத்தில் விற்றனர். வாங்கி ரீமிக்ஸ் செய்தவர்கள் அனுப்பியவை இரண்டாயிரத்தைத் தாண்டின. பொதுமக்கள் வாக்களித்தனர். எல்லாம் கோலாகலம். ஆனால் நிபந்தனைகளைப் பொறுமையாக வாசித்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: அனுப்பப்படும் ரீமிக்ஸ் ஒவ்வொன்றினதும் உரிமை முழுவதும், உலகெங்கும், பாடலின் பதிப்பு நிறுவனத்துக்கே சேரும். அதாவது பகுதிகளைக் காசு கொடுத்து வாங்கி, இரவிரவாக உழைத்து, உழைப்பையும் அவர்களுக்கே கையளிக்க வேண்டும். வென்றவருக்கு மட்டுமல்ல, தோற்றவருக்கும் அதே நிபந்தனைதான். இது நியாயமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மூலப்பாட்டு அவர்களுடையது என்பது உண்மை. ஆனால் தோற்ற பிள்ளையின் ஆக்கத்தை வைத்துக்கொண்டு நிறுவனம் என்ன செய்யப்போகிறது? அந்தப் பிள்ளையாவது அதைத் தன் நண்பருக்குப் போட்டுக்காட்ட உரிமையுடன் இருக்கட்டுமே.

எல்லாரும் அப்படி நடந்துகொள்ளவில்லை. அமெரிக்காவின் ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் 2005இல் தமது பாடலொன்றைக் கராஜ்பான்ட் மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் இலவசமாகவே கொடுத்தார். ‘சிசிமிக்ஸ்டர்’ போன்ற தளங்களில் பாடகிகள் தமது குரலை, “என் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்” என்ற அனுமதியுடன் பதிவேற்றினர். அங்கு பரிசுத் தொகை இல்லை. பயமும் இல்லை.

போட்டியே இல்லாமலும் ஒருவர் உச்சிக்குப் போன கதை உண்டு. கசகஸ்தானின் அக்சு என்ற சிறு நகரில் ரயில் நிலையத்தில் வேலைசெய்துவந்த இமான்பெக் என்ற இளைஞர், ‘செயின்ற் ஜோன்’ என்ற அமெரிக்கப் பாடகரின் ‘ரோசஸ்’ பாடலை 2019இல் தன் வீட்டுக் கணினியில் ரீமிக்ஸ் செய்து வெளியிட்டார். அது நாடு நாடாகப் பரவி, 2020 மார்ச்சில் பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 2021 மார்ச்சில் சிறந்த ரீமிக்ஸுக்கான கிராமி விருதும் வந்தது. ஆனால் இதைக் கேட்டு, அனுமதி பெறாமல் எதையும் எடுக்கலாம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. இமான்பெக்கின் ஆக்கத்தை உரிமையாளர்கள் பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காவிட்டால் அது தளங்களிலிருந்து நீக்கப்பட்டிருக்கும்.

இக்கதைகளில் வரும் பெயர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று வாசகியர் எண்ணியிருப்பீர்கள். குரல் கொடுப்பவர் பெண். வெட்டி ஒட்டுபவர் ஆண். பெரும்பாலும் இதுவே நிலை. கிராமி விருதுகளில் ரீமிக்ஸ் செய்பவருக்கான பிரிவு 1998இல் தொடங்கியது. அதை ஒரு பெண் முதன்முதலாக வென்றது 2020 ஜனவரியில்தான். மடோனாவின் பாடலொன்றை ரீமிக்ஸ் செய்த ட்ரேசி யங் என்பவரே அவர். இருபத்திரண்டு வருடக் காத்திருப்பு! கணினி வீட்டில் இருந்தாலும் அது தம்பிக்கோ அண்ணாவுக்கோ உரியதாகவும், தங்கைக்குச் சங்கீத வகுப்பே போதும் என்றும் இருக்கும் வீடுகள் எம்மிடையே குறைவா? சுருதி பிடிபட்ட பிள்ளைக்கு ஒலிப்பதிவு மென்பொருள் பழகச் சில வாரங்களே போதும். உண்மையில், வாய்ப்பாட்டு படித்த பிள்ளைக்கு இதில் முன்னிலை உண்டு. எந்த இடத்தில் குரலை வெட்டினால் காதில் உறுத்தும் என்பது அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படி ஒரு மகள் போட்டிக்கு அனுப்ப விரும்பினால் தடுக்க வேண்டாம். உடன் அமர்ந்து நிபந்தனைகளை வாசியுங்கள். பங்குபற்றக் கட்டணம் கேட்கிறார்களா? தெரிவு நடுவர்களாலா, வாக்குகளாலா? வாக்கு என்றால் நண்பர் கூட்டம் பெரிதாக உள்ளவருக்கே வாய்ப்பு அதிகம். இசைத் திறமை பின்னுக்குப் போய்விடும். தெரிவாகாத ஆக்கத்தின் உரிமை யாருக்கு? வெளியிட்டால் பெயர் போடுவார்களா? விற்பனையில் பங்கு உண்டா, அல்லது ஒரு ரீ-சேர்ட்டோடு முடிந்துவிடுமா?

எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்புக்கான பதிப்புரிமை அது உருவானதுமே, எங்கும் பதிவுசெய்யாமலே, படைத்தவரைச் சேர்கிறது. அவருடைய ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். வருமானம் தரும் உரிமைகளை இன்னொருவருக்குக் கையளிக்கலாம். ஆனால் ‘இதைச் செய்தவர் இவர்’ என்று பெயர் குறிக்கப்படும் தார்மீக உரிமை அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடனேயே இருக்கும். ஒன்றை மறக்கக்கூடாது: மூலப்பாட்டை மாற்றியமைக்கும் உரிமையும் அவ்வாறே அதன் சொந்தக்காரருக்கு உரியது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கோ அந்தந்த நாட்டுச் சட்டம் என்று நிபந்தனையிலேயே எழுதியிருப்பார்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பங்குபற்றும்போது பெற்றோரின் சம்மதம் கேட்பது இப்போட்டிகளில் வழக்கம். பல வீடுகளில் அந்தக் கையொப்பம் அம்மாவுடையது. படிவம் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், நாலைந்து பக்கமாக இருக்கும். உரிமை பற்றிய பந்தி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், கையொப்பக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியை ஒருவரிடமோ, தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடமோ அந்த ஒரு பந்தியை மட்டுமாவது வாசித்துக் கேட்க அரைமணி நேரம் போதும்.