அடுக்கு நகர்ந்தால் காந்தம் மாறும்

குரோமியம் டிரையயோடைடு கறுப்பாக மினுங்கும் ஒரு படிகம். செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்தால் ஏடு ஏடாக உரியும். ஓர் ஏட்டுக்குள் அணுக்கள் கெட்டியாகப் பிணைந்திருக்கின்றன. ஏடுகளுக்கு இடையே இருப்பதோ வான் டெர் வால்ஸ் விசை என்னும் மெல்லிய ஈர்ப்பு மட்டும். ஓர் ஏட்டின் தடிமன் சுமார் 0.7 நானோமீட்டர். காற்றின் ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால், மந்த வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டுத்தான் உரிக்கிறார்கள்.

இத்தனை மெல்லிய பொருளில் காந்தம் நிலைக்குமா? எல்லாத் திசைகளும் சமமாக இருக்கும் இருபரிமாணப் பொருளில் வெப்பம் காந்த ஒழுங்கைக் குலைத்துவிடும் என்று 1966இல் இயற்பியலாளர்கள் மெர்மினும் வாக்னரும் நிறுவினார்கள். ஆனால் இந்தப் படிகத்தில் திசைகள் சமமல்ல. குரோமிய அணுக்களின் காந்தங்கள் ஏட்டுக்குச் செங்குத்தாகவே நிற்க முனைகின்றன. அதனால் ஒழுங்கு பிழைக்கிறது. ஒற்றை ஏடும் 45 கெல்வினுக்குக் கீழே காந்தமாகவே இருக்கிறது என்று 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. லேசர் ஒளியை ஏட்டின்மேல் பாய்ச்சி, பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் எவ்வளவு சாய்கிறது என்று அளந்தார்கள்.

எனக்குப் பெரிய வியப்பு இரண்டு ஏடுகளில்தான். ஒன்று மேல்நோக்கினால் மற்றது கீழ்நோக்குகிறது. மொத்தக் காந்தம் பூஜ்யம். சுமார் 0.65 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால்தான் இரண்டும் ஒரே பக்கம் திரும்புகின்றன. மூன்று ஏடுகளில் ஒன்று எஞ்சுவதால் காந்தம் மீண்டும் தெரிகிறது. ஆனால் தடித்த படிகத்தில் எல்லா ஏடுகளும் ஒரே பக்கம் பார்க்கின்றன!

காரணம், ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் விதம். தடித்த படிகத்தைக் குளிர்வித்தால் ஏடுகள் பக்கவாட்டில் சற்றே வழுக்கி வேறோர் அடுக்குமுறைக்கு மாறுகின்றன. உரித்தெடுத்த மெல்லிய துண்டுகள் அப்படி வழுக்காமல் பழைய அடுக்கிலேயே நின்றுவிடுகின்றன. அண்டை ஏட்டின் அணு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே இரண்டும் இணங்குமா, எதிர்க்குமா என்று முடிவுசெய்கிறது. 2019இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மெல்லிய துண்டுகளைச் சுமார் 2 கிகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல 20,000 மடங்கு, அழுத்திப் பார்த்தன. ஏடுகள் நகர்ந்தன, எதிரெதிராக நின்ற காந்தங்கள் ஒருமுகமாயின. அழுத்தத்தை எடுத்த பிறகும் அந்த மாற்றம் நிலைத்தது.

அழுத்தம் மட்டுமல்ல, மின்னழுத்தமும் உதவுகிறது. 2018இல் இரட்டை ஏட்டின் காந்த நிலையை மின்புலத்தால் மாற்றிக் காட்டினார்கள். குறைந்த மின்சாரத்தில் எழுதக்கூடிய நினைவகம் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. தடையாக நிற்பது குளிர். 45 கெல்வின் என்பது மைனஸ் 228 டிகிரி செல்சியஸ். 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜன்கூட அதற்குப் போதாது.