தூண்டில் தேசங்கள் - 9: எல்லையில் வைத்த தராசு

நார்வேயில் கடல்மீன் பிடிக்க உரிமம் வேண்டாம், கட்டணமும் இல்லை. உள்ளூர்க்காரருக்கு உள்ள இந்தச் சுதந்திரம் சுற்றுலா வருகிறவருக்கும் உண்டு. வெளிநாட்டவருக்குக் கூடுதலாக இரண்டு நிபந்தனைகள்தான்: கையில் பிடிக்கும் தூண்டில் மட்டுமே பயன்படுத்தலாம், வலையும் கூண்டும் கூடாது, பிடித்ததை விற்கவும் கூடாது. சில மீன்களுக்கு அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. ஹாலிபட் இரண்டு மீட்டர் நீளத்தைத் தாண்டினால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். மற்றபடி காலை முதல் மாலை வரை காட் மீனைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

ஊருக்குக் கிளம்பும்போதுதான் கேள்வி வருகிறது. சென்ற வாரம் படகையும் நீரோட்டத்தையும் பார்த்தோம். இந்த வாரம் பெட்டிக்கு வருவோம்.

ஜெர்மனி, போலந்து, செக் குடியரசு, லித்துவேனியா என்று பல நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆட்கள் வடக்கே புறப்படுகிறார்கள். விமானத்தில் வருகிறவர்கள் உண்டு. டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்தில் வண்டியோடு கப்பலேறி வருகிறவர்களும் உண்டு. வண்டிக்குள் உறைபெட்டி இருக்கும். திரும்பும்போது அது நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கமே. நார்வே ஷெங்கன் பகுதியில் இருப்பதால் பாஸ்போர்ட் கெடுபிடி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் சுங்கச் சோதனை மட்டும் நிலைத்துவிட்டது. சுவீடன் எல்லையில் ஸ்வினெசுண்ட் பாலத்தருகே சுங்க அதிகாரி கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னால், அவர் மதுவை மட்டும் தேடுவதாக நினைக்க வேண்டாம். மீனையும்தான் தேடுகிறார்.

மீனை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதற்கு முதல் வரம்பு 2006இல் வந்தது: தலைக்கு 15 கிலோ, அதற்கு மேல் முழு மீனாக ஒரே ஒரு 'கோப்பை மீன்'. பெருமைக்காகக் கொண்டுபோகும் அந்த ஒற்றைப் பெரிய மீன் எடைக் கணக்கில் வராது. இது சின்னச் சலுகை இல்லை. 2013இல் ஸோரோயா தீவுக் கடலில் மிக்கேல் ஐசலே என்ற ஜெர்மானியர் பிடித்த காட், உலக சாதனை மீன், 47 கிலோ! அந்த அளவில் ஒன்று மாட்டினால் மொத்த வரம்பைப் போல மூன்று மடங்கு அதுவே இருக்கும். 2018இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பதிவு பெற்ற மீன்பிடி முகாமில் தங்கினால் 20 கிலோ, மற்றவர்களுக்கு 10 கிலோ என்று வரம்பும் இரண்டாகப் பிரிந்தது. 2021இல் இன்னும் இறுகியது. முகாமில் தங்கியவருக்கு 18 கிலோ, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் என்று ஆனது. வேறு எங்கே தங்கியிருந்தாலும் ஒரு கிலோகூடக் கிடையாது.

கடைசியாகச் சொன்னது நம்மவர்களில் சிலரைத் தொடும். நார்வேயில் ஈழத் தமிழர்கள் குடியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்று மீன் அறுத்துத் தொடங்கிய குடும்பங்கள் அவர்களில் ஏராளம். சித்தப்பா வீட்டுக்குக் கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ பிள்ளைகள் போவார்கள். சித்தப்பாவின் படகில் ஒரு நாள் தூண்டில் போடுவார்கள். கிடைத்ததைச் சித்தி சுத்தம் செய்து உறைய வைத்து, "கொண்டு போங்கோ" என்று பையில் வைப்பார். சித்தி அன்போடு கட்டிக்கொடுத்த அந்தப் பொதி சட்டத்தின் கண்ணில் கடத்தல் பொருள். சித்தப்பா வீடு பதிவு பெற்ற முகாம் இல்லையே! அங்கேயே குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவதே உத்தமம். சாப்பிடுவதற்கு வரம்பு இல்லை.

முகாமில் தங்கியவர் கையில் ஒரு சான்று இருக்க வேண்டும்: எந்த முகாம், யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தங்கினார் என்று. முகாம் நடத்துகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. விருந்தினர் பிடித்த காட், சேய், ஹாலிபட், ஓநாய்மீன், செம்மீன் ஆகியவற்றின் எண்ணிக்கையை மீன்வளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். (இந்தச் செம்மீன் வட அட்லாண்டிக் ஆழத்தில் வாழும் சிவப்பு மீன். தகழியின் நாவலை நினைக்க வேண்டாம்.) நார்வே இப்படி இறுக்கியதற்குக் காரணம் கரையோரக் காட். ஆழ்கடலிலிருந்து முட்டையிட வரும் காட் கூட்டம் வேறு, ஃபியோர்டுகளை விட்டு அதிகம் நகராத கரையோரக் காட் வேறு. பின்னதுதான் மெலிந்து போயிருக்கிறது. சுற்றுலாப் படகுகள் சுற்றுவதும் அந்தக் கரையோரத்தில்தான்.

இனி முகாமின் வெட்டுக் கொட்டகைக்குள் போவோம். கடலோரமாக ஒரு தகரக் கூரை, நீளமான மேஜை, தண்ணீர்க் குழாய். மீனைத் தூக்கியவுடனே படகிலேயே செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டிருந்தால் சதை பால்போல் வெளுத்திருக்கும். அதில் சோம்பியவரின் மீன் மேஜையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்: சதையில் சிவப்புக் கோடுகள் ஓடும். மார்புத் துடுப்புக்குப் பின்னால் சாய்வாகக் கத்தியை இறக்கி, நடு முள்ளைத் தொட்டதும் திருப்பி, வால்வரை ஒரே இழுப்பு. பிறகு தோலை உரிக்க வேண்டும். வயிற்றோரச் சதையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சுருண்ட பழுப்புப் புழுக்கள் தெரியும். காட் மீன் வழியாகச் சீலின் இரைப்பைக்குப் போய் வளரும் புழு அது. வேகவைத்தால் செத்துவிடும், முறையாக உறைய வைத்தாலும் செத்துவிடும். ஆனாலும் பார்த்த பிறகு அந்தப் பகுதியை வெட்டி எறியாதவர் குறைவு. கடைசியில் காற்று நீக்கும் பையில் போட்டுத் தட்டையாக உறைய வைப்பார்கள். தட்டையாக இருந்தால் தெர்மோகோல் பெட்டியில் இடைவெளியின்றி அடுக்கலாம், இடைவெளி இல்லாவிட்டால் பனி இளகத் தாமதமாகும்.

விமானத்தில் போகிறவருக்கு எடை தானாகவே பொருந்திவிடுகிறது. 18 கிலோ மீனும் பெட்டியுமாகச் சேர்ந்தால் வழக்கமான 23 கிலோ பைக்குள் அடங்கும். உலர்பனி வைப்பதானால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் ஒருவருக்கு இரண்டரை கிலோதான். காற்றுப் புகாமல் முழுக்க ஒட்டிய பெட்டியில் அதை வைக்கவே கூடாது. ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். நன்றாக உறைந்த மீனுக்கு ஐரோப்பாவுக்குள் போகும் தூரத்தில் உலர்பனி தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த விதியில் எனக்கு ஒரு சண்டை உண்டு. தராசு எல்லையில் இருக்கிறது, எடை போடுவது துண்டத்தை. தோலும் முள்ளும் நீங்கிய காட் துண்டம் முழு மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். 18 கிலோ துண்டத்துக்குக் கடல் கொடுத்தது ஐம்பது கிலோவுக்கு மேல். எடை வரம்பு என்று வைத்தவுடன் தலை, எலும்பு, சினை, ஈரல் எல்லாம் சுமையாகிவிடுகின்றன. நல்ல சதையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறியத்தான் அந்த விதி பழக்குகிறது.

எறிவது எங்கே என்பதையும் பாருங்கள். அதே நாட்டின் லொஃபோட்டன் தீவுகளில் மீனவர்கள் காட் மீனில் எதையும் விடுவதில்லை. உடலை மரச்சட்டங்களில் காயப்போட்டு இத்தாலிக்கு விற்கிறார்கள். தலையைத் தனியாகக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மீன்தலைகளிலிருந்து நாக்கை அறுத்து விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். மீன்தலைக் குழம்புக்குப் போட்டி போடும் நம் ஊர்க்காரர் ஒருவர் முகாம் கொட்டகையின் கழிவுத் தொட்டியை எட்டிப் பார்த்தால் வயிறெரிந்து போவார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முறை வேறு. கடலில் தூண்டில் போட உரிமம் வாங்க வேண்டும். ஹாலிபட்டோ சினூக் சால்மனோ பிடித்து வைத்துக்கொண்டால் அங்கேயே அப்போதே உரிமத்தில் பதிய வேண்டும். கணக்கு கிலோவில் இல்லை, மீனின் எண்ணிக்கையில். வெட்டிக் கட்டும்போதும் என்ன இனம், எத்தனை மீன் என்று அதிகாரி கண்டுபிடிக்கும்படி தோலோடு வைத்திருக்க வேண்டும். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. மீன் செத்தது கடலில், கணக்கும் கடலிலேயே தொடங்கட்டும். ஆனால் நார்வேக்காரரிடம் கடலுக்கு உரிமம் என்று பேச்செடுத்தால் சண்டைக்கு வருவார். அதனால்தான் தராசைத் தூக்கிக்கொண்டு எல்லைக்குப் போயிருக்கிறார்கள்.

ஏமாற்றுகிறவர்களும் ஓயவில்லை. வண்டியின் இருக்கைக்கு அடியிலும் பொய்த் தளத்துக்குக் கீழும் நூற்றுக்கணக்கான கிலோ துண்டத்தை ஒளித்து வைத்துப் பிடிபட்டவர்களைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அது உல்லாசப் பயணம் இல்லை, வியாபாரம். பிடிபட்டால் மீனும் போகும், அபராதமும் கட்ட வேண்டும்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: மேலே சொன்ன எண்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி வந்திருக்கின்றன. கிளம்புவதற்கு முன் நார்வே மீன்வளத் துறை அந்த ஆண்டுக்கு அறிவித்திருப்பதைப் பாருங்கள். முகாம் பதிவு பெற்றதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ஆற்று சால்மனும் ட்ரவுட்டும் இந்த எடைக் கணக்கில் வராது. அவற்றுக்குத் தனிச் சட்டம், தனிக் கதை: 2024 ஜூனில் 33 ஆறுகளை ஒரே அடியாக மூடினார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம். பெட்டியில் இன்னும் இடமிருந்து ஆசையும் அடங்கவில்லையென்றால் மீன் கடைக்குப் போங்கள். காசு கொடுத்து வாங்கிய மீன் வரம்புக்குள் வராது, ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

(தொடரும்)