காயாத சரக்கு

மாம்புரியில் கருவாடு வியாபாரம் செய்யும் எனக்கு, மகன் மீண்டும் விளையாடத் தொடங்கியுள்ள கணினி விளையாட்டொன்று பாடம் சொன்னது.

போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2020 டிசம்பர் 10இல் 'சைபர்பங்க் 2077' விளையாட்டை வெளியிட்டது. அவசரத்தில் வந்த சரக்கு. பழைய பிளேஸ்டேஷன்களில் அடிக்கடி நின்றுபோனது. ஒரு வாரத்தில் சோனி தனது இணையக் கடையிலிருந்து அதை அகற்றியது. 2021 ஜூனில்தான் திரும்பவும் சேர்த்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. திருத்தங்களை இலவசமாக வழங்கியது. 2023 செப்டெம்பரில் வந்த பெருந்திருத்தத்தின் பின் பாராட்டுக் குவிந்தது.

வியாபாரிகளே, சென்ற மாரியில் சரியாகக் காயாத கருவாட்டை நானும் அவசரப்பட்டு அனுப்பினேன். வாங்கிய புத்தளத்து முதலாளி இன்றுவரை பேசவில்லை. விளையாட்டைத் திருத்தலாம், விற்ற கருவாட்டைத் திருத்த முடியாது. பணத்தையாவது திருப்பிக் கொடுக்கலாம். நாளை புறப்படுகிறேன்.